ஒற்றியூரில் ஒரு பெரிய காயில்

காயிலின் அகலம் கூடினால் ஆழம் கூடும் என்பது பாதி உண்மை. மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரைப் பற்றிச் சொல்கிறேன். மீதிப் பாதியையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் கருவி வாங்குகிறவர்களுக்கு வழிகாட்டுவதற்காக இல்லை. ஆழமாகப் போனால் பெரியது கிடைக்கும் என்கிற நம்பிக்கை நமக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது, சாமி கும்பிடுவதிலும் இருக்கிறது. அது சரிதானா என்று கேட்கத் திருவொற்றியூர் பொருத்தமான ஊர். தேடிச் சேர்த்ததையெல்லாம் ஒரே நாளில் உதறிவிட்டு வந்த ஒருவர் இங்கே கடலோரத்தில் அடங்கியிருக்கிறார்.

எனக்கு மோட்டார் ரீவைண்டிங் தொழில். மணலிப் பக்கத்துக் கம்பெனி மோட்டார், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மிஷின், வீட்டு போர் மோட்டார் என்று கருகி வருவதையெல்லாம் பிரிப்பேன். பழைய காயிலைத் தட்டியெடுத்து, ஸ்லாட்டைச் சுரண்டி, லெதராய்டு பேப்பர் செருகி, புதுச் சுற்று இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். கம்பியை விரலில் உருட்டினாலே கேஜ் தெரியும். அதனால்தான் காசிமேட்டுத் தம்பி ஒருவன் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். எட்டு அங்குல வளையம் போட்ட கருவி அது. பதினாறு அங்குலத்தில் ஒன்று சுற்றித் தரச் சொன்னான்.

"பெர்சா கட்னா இன்னும் ஆழமா கேக்கும்லண்ணே?"

"கேக்கும். உனக்கு எது கேக்கணும், அத்த சொல்லு மொதல்ல."

அவனுக்கு மூன்று ஆசை இருந்தது. எம்டன் குண்டு, கம்பெனி காலத்துக் காசு, பிறகு அவன் ஆயா பிறந்த தெரு.

முதல் ஆசையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். விழுந்த குண்டு ஒன்று மண்ணுக்குள் கிடந்தால், அது வெடித்ததா வெடிக்காததா என்று மேலேயிருந்து எந்தக் காயிலும் சொல்லாது. இலங்கையின் வன்னியில் கண்ணிவெடி அகற்றுகிற பெண்கள், டிடெக்டர் சத்தம் போட்ட இடத்தில் முழங்காலிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி வருவார்கள். அவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். இவனிடம் இருந்தது ஒரு மண்வெட்டி. அந்த ஆசையை அன்றைக்கே விட்டுவிடச் சொன்னேன், அவனும் தலையாட்டினான்.

மூன்றாவது ஆசைதான் என்னை உட்கார வைத்தது. 1875-இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. இந்தக் கடற்கரையில் மணல் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் கிடப்பதில்லை. மொத்தத்தில் பார்த்தால் அலையோடு தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்தது. தடுபட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வரவேண்டிய மணல் வராமல் போன வடக்கில், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், கடல் கரையை அரித்துத் தின்றது. வீடுகள் போயின, கட்டுமரம் ஏற்றி வைக்கிற மணல் போயிற்று, வலை காயவைக்கிற இடம் போயிற்று. பிறகு கருங்கல்லைக் கொட்டினார்கள். இன்றைக்கு அந்தக் கல்மேல் நின்று, தண்ணீரைக் கை காட்டி, "அங்கதான் எங்க தெரு" என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். தம்பியின் ஆயா அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ச்சேர்ந்தவர். அவர் சொன்ன தெருவிலிருந்து ஒரு சாவியோ, வெங்கல டம்ளரோ, ஏதாவது ஒன்று கைக்கு வராதா என்பது அவன் ஏக்கம். பேராசை என்று சொல்லி அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனிக் காயிலுக்கு வருகிறேன். பெரிய வளையத்துக்கு நிறையக் கம்பி சுற்ற வேண்டியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை வேறு. அவன் கொண்டுவந்தது துடிப்பு முறைக் கருவி. காயிலில் மின்னோட்டத்தை விட்டுச் சட்டென்று நிறுத்தும். அந்த அதிர்ச்சியில் கீழே கிடக்கும் உலோகத்துக்குள் ஒரு மின்னோட்டம் சுழன்று அடங்கும். அது அடங்குவதற்குள் அதே காயில் அதைக் காது கொடுத்துக் கேட்கும். இதற்குக் காயிலின் இண்டக்டன்ஸ் சுமார் 300 மைக்ரோஹென்றி இருந்தால் நல்லது. எட்டு அங்குல வளையத்தில் ஏறத்தாழ 26 சுற்றில் அந்த அளவு வந்துவிடும். பதினாறு அங்குலத்தில் 17 சுற்றே போதும். ப்ளைவுட் பலகையில் வட்டம் கீறி, சுற்றிலும் ஆணி அடித்து, 25 கேஜ் எனாமல் கம்பியை அதன்மேல் ஓட்டி, நூலால் கட்டி, வார்னிஷில் நனைத்தால் வேலை முடிந்தது. வெளிக் கரண்டின் இரைச்சல் தாக்காமலிருக்க அலுமினிய ஃபாயில் சுற்றுவோம். அதை முழு வளையமாக மூடிவிடக் கூடாது, ஓரிடத்தில் விரல் அகலம் திறந்திருக்க வேண்டும். மூடினால் ஃபாயிலே ஒரு ஷார்ட் சுற்றாகி, காயில் செவிடாகிவிடும்.

இரண்டு வளையத்திலும் ஒரே மின்னோட்டத்தை விட்டு, நடுவில் நேர் கீழே ஒரு சின்னக் காசு கிடப்பதாக வைத்து, கடைச் சீட்டின் பின்பக்கத்தில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். காசு ஓர் அடி ஆழத்தில் இருந்தால், பெரிய வளையத்துக்கு வருகிற பதில் சின்னதற்கு வருவதைப்போல மூன்று மடங்கு. அவன் முகம் மலர்ந்தது. காசு இரண்டு அங்குலத்தில் இருந்தால் கணக்கு புரண்டுவிடுகிறது. பெரிய வளையத்துக்கு, சின்னதற்கு வருவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் வரும். இரண்டும் சமமாகிற இடம் ஏறத்தாழ ஆறு அங்குலம். அதற்கு மேலே சின்னதுதான் கெட்டி, கீழே போனால் பெரியது. அந்தப் பெரியதும் தன் அகலத்தைத் தாண்டிய ஆழத்துக்குப் போகப்போகத் தடுமாறும். ஆழம் இரண்டு மடங்கானால் பதில் 64-இல் ஒரு பங்கை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும். வளையத்தை எவ்வளவு அகலப்படுத்தினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

எங்கள் கரையில் இன்னொரு சங்கடமும் உண்டு. உப்பு ஈரம் தானே மின்சாரத்தைக் கடத்தும். காந்தத்தை மணலில் இழுத்தால் கறுப்பு மணல் மீசை மீசையாக ஒட்டும். பெரிய வளையம் அத்தனை ஈரத்தையும் அத்தனை கறுப்பு மணலையும் சேர்த்துக் கேட்கிறது. அந்த இரைச்சலை அடக்க, மின்னோட்டம் நின்றபின் கேட்கத் தொடங்குகிற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்தால் மெல்லிய தங்கத்தின் பதில் அதற்குள் அடங்கிப்போய்விடும். மூக்குத்தி கேட்காது, மெல்லிய சங்கிலி கேட்காது. படகிலிருந்து கழன்ற போல்ட் கேட்கும், வெல்டிங் ராடு துண்டு கேட்கும், காயலான் கடைக்குப் போக வேண்டிய தகரமெல்லாம் கேட்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அவனைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. எத்தனை அங்குலம் என்று கேட்கும்போதே ஒருவன் தனக்கு யாருடைய பொருள் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறான். காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்கு வந்த பெண்ணின் கம்மல், குளிக்கும்போது கழன்ற மோதிரம், நேற்று விழுந்த சாவிக்கொத்து, இவையெல்லாம் பெரும்பாலும் மேல்மணலில்தான் கிடக்கும். அவற்றுக்குச் சின்னக் காயில் போதும். எடுத்தால் கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது. பதினாறு அங்குலம் கேட்கிறவன் தேடுவது, கொடுக்க ஆளில்லாத பொருளை. புயலும் அலையும் மணலைப் புரட்டிப் போடுகிற கரையில் இந்த எல்லை இம்மி பிசகாமல் நிற்காது என்பது தெரியும். இருந்தாலும் அந்த ஆறு அங்குலத்தை நான் ஒரு வரம்பாகவே எடுத்துக்கொள்கிறேன். மேலே இருப்பது இருக்கிறவர்களுடையது. கீழே இருப்பது போனவர்களுடையது. போனவர்களுடைய பொருளை யார் எடுக்கலாம், எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது காயிலில் தீருகிற விஷயம் இல்லை.

பட்டினத்தார் கதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துறவுக்கு முன் அவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் திருவெண்காடர். பிள்ளை இல்லாதவருக்கு மருதவாணன் வளர்ப்பு மகனாக வந்தான். கப்பலேறி வாணிபத்துக்குப் போன மகன், மூட்டை மூட்டையாக எருவரட்டியும் தவிடும் கொண்டுவந்தான். தகப்பனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வரட்டியைத் தூக்கி எறிந்தார். அது உடைந்து உள்ளேயிருந்து மாணிக்கம் சிதறியது. மகனைத் தேடினால் காணவில்லை. மனைவி கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஆவலோடு திறந்தால் காது ஒடிந்த ஊசி ஒன்றும், சாகும்போது இதுகூட உன்னோடு வராது என்று சொல்கிற ஓலை நறுக்கும் கிடந்தன. அந்தக் கணத்தில் எல்லாவற்றையும் விட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். செல்வம் நிலையாதது என்று முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு வரட்டிதான் மனத்தில் தங்குகிறது. அந்த வீட்டில் ஒரு டிடெக்டரைக் காட்டியிருந்தால் எது சத்தம் போட்டிருக்கும்? பெட்டிக்குள் இருந்த ஒடிந்த ஊசி சத்தம் போட்டிருக்கும், அது இரும்பு. வரட்டிக்குள் இருந்த மாணிக்கம் சத்தம் போட்டிருக்காது, அது கல். பதினாறு அங்குலம் என்ன, அறுபது அங்குலம் வைத்தாலும் கல் பேசாது. செல்வம் வேண்டாம் என்று மட்டும் அந்தக் கதை சொல்வதாக நான் நினைக்கவில்லை. நீ எதை வைத்துத் தேடுகிறாயோ அதற்குப் பதில் சொல்கிற பொருள்தான் உன் கையில் அகப்படும், மற்றது கைக்குள்ளேயே இருந்தாலும் எறிந்துவிடுவாய் என்றும் அது சொல்கிறது. திருவெண்காடர் வாணிகக் கண்ணால் தேடினார், வரட்டியை எறிந்தார்.

அவர் கடைசியாக வந்து சேர்ந்தது எங்கள் கரைக்கு. கடலோரத்துப் பிள்ளைகளோடு விளையாடுவாராம். அவரை மணலில் புதைத்து மூடுவார்களாம், அவர் வேறு இடத்திலிருந்து எழுந்து வருவாராம். துணி வெளுக்கிற சால் ஒன்றைக் கவிழ்த்து மூடியதாகவும் ஒரு சொல் உண்டு. ஒருநாள் மூடினார்கள், வேறெங்கும் அவர் எழவில்லை. திறந்து பார்த்தால் லிங்கம் இருந்தது. ஆடி உத்திராடத்தில் அங்கே குருபூஜை நடக்கிறது. போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தேடத் தெரிந்திருக்கிறது. ஆளைத்தான் தேடினார்கள், அவரிடம் இருந்த பொருளைத் தேடவில்லை.

பட்டினத்தார் கோயிலிலிருந்து உள்ளே வந்தால் தியாகராசர் கோயில். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று மண்ணால் ஆனவர். வருஷம் முழுக்க அவர்மேல் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாளுக்கு வரிசை தெருவரைக்கும் நிற்கும். நானும் நின்றிருக்கிறேன். பக்கத்தில் வியர்வை, தைல வாசனை, பின்னாலிருந்து தள்ளு. உள்ளே போய் ஒரு நொடி பார்க்கக் கிடைப்பது கறுத்த ஒரு மண்மேடு. பளபளப்பை எடுத்துவிட்டு மண்ணைக் காட்டுகிறார்கள், அதைக் காணத்தான் கூட்டம் அப்படி அலைமோதுகிறது. என் கருவிக்குக் கவசம் கேட்கும், சாமி கேட்காது.

ஆழத்தைப் பற்றி நம் சமயத்தில் இருக்கிற பெரிய கதை பன்றிக் கதை. சிவனின் அடியைக் காணத் திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்துகொண்டே போனார். முடியைக் காணப் பிரமன் அன்னமாகிப் பறந்தார். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்ற சண்டைக்கு இந்தக் கதையை இழுப்பதில் எனக்கு இஷ்டமில்லை. எனக்குப் படுவது வேறு. தோண்டியவர் சாதாரண ஆள் இல்லை, உலகைக் காக்கிறவர். அவருக்குப் பலம் போதவில்லை என்று யார் சொல்வது? ஆழம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. தோண்டிக் காண்கிற இடத்தில் அந்த அடி இல்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் திரும்பி வந்து, காணவில்லை என்று உள்ளதைச் சொன்னார். பிரமனோ வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்துவந்து, கண்டேன் என்று பொய் சொன்னார். திருமாலுக்கு ஊர் ஊராகக் கோயில் இருப்பதும் பிரமனுக்கு இல்லாமல் போனதும் இதனால்தான் என்பார்கள். அந்தக் கதையில் தோண்டியது குற்றமாகவில்லை. கண்டதை மாற்றிச் சொன்னதே குற்றமாயிற்று. தேடுகிறவனுக்கு உள்ள தர்மம் இது ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்.

பூமிக்குள் தேடுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். எங்கள் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து சேர்கிற கொசஸ்தலையாற்றுப் படுகையில், திருவள்ளூர்ப் பக்கம், அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கால ஆயுதங்களைக் கண்டார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே ஆண்டுக்கணக்கில் அகழ்ந்து, அந்தக் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டது. எங்கள் ஆற்றின் கரையில் கிடைத்தவற்றில் இதைவிடப் பழையது இல்லை. அத்தனையும் கல். டிடெக்டரை அதன் மேலேயே வைத்தாலும் ஒரு சத்தம் வராது.

சரி, இரும்புக்கே வருவோம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபோது, இரும்போடு பழகுகிற எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த வயதைச் சொன்னது இரும்பு இல்லை. கூடவே கிடந்த கரித்துண்டையும் பானை ஓட்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பிக் கண்டார்கள். டிடெக்டரோடு போகிறவன் சத்தம் வந்த இடத்தில் குழி பறிப்பான், இரும்பை எடுப்பான், கரியையும் ஓட்டையும் மண்ணோடு சேர்த்துத் தள்ளிவிடுவான். அவன் கையில் மிஞ்சுவது வயது தெரியாத துரு. வரட்டியை எறிந்த கதை இங்கேயும் நடக்கிறது. தம்பிக்கு இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான், நல்ல கேள்வி. "அப்போ இரும்பு, செம்பு எல்லாம் சும்மாவாண்ணே? சாமி செலையே செம்புதானே?"

சும்மா இல்லை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்கு யாகசாலை அமைக்க மண் எடுத்தபோது, 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரம் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. சம்பந்தர் பிறந்த ஊரில், அவர் பாட்டைச் செம்பில் வெட்டி வைத்த யாரோ, ஏதோ ஒரு ஆபத்துக் காலத்தில் அதை மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். அவர்கள் எதையும் தொலைக்கவில்லை, மண்ணிடம் ஒப்படைத்தார்கள். பின்னால் வருகிறவன் எடுப்பான், எடுத்து உரிய இடத்தில் வைப்பான் என்று நம்பி, நமக்கு முகம் தெரியாத ஒருவன் குழியை மூடிவிட்டுப் போனான். அந்த நம்பிக்கைக்கு நாம் கட்டுப்பட்டவர்கள் என்பது என் எண்ணம். சிலையை ராத்திரியில் தோண்டி விற்கிறவன் சட்டத்தை மீறுவதற்கு முன்பே அந்த மூடியவனுக்குத் துரோகம் செய்துவிடுகிறான்.

வெளிநாட்டிலும் இந்தத் தர்மம் தெரிந்தவர்கள் உண்டு. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு விவசாயி தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ் டிடெக்டரோடு அதைத் தேடப் போனார். கிடைத்தது ரோமானியர் காலத்துத் தங்கம், வெள்ளி. கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்திவிட்டு, நிலத்துக்குரியவர்களுக்கும் போலீசுக்கும் சொல்லிவிட்டார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து எடுத்தார்கள். அவர் கை வைக்காமல் விட்டதால்தான், ஏறத்தாழ 15,000 காசுகளும் நகைகளும் பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை கண்டறிய முடிந்தது. தொலைந்த சுத்தியலும் அகப்பட்டது. தங்கத்தோடு அந்தச் சுத்தியலையும் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அவருக்குச் சன்மானமும் கிடைத்தது, அது வேறு விஷயம். சத்தம் வந்த இடத்தில் கையை எடுத்துக்கொண்டாரே, அதற்காக அவரை நான் கும்பிடுவேன்.

தம்பிக்குப் பெரிய காயில் கட்டிக் கொடுக்கவில்லை. அவன் சின்ன வளையத்தின் கேபிள் முனையில் ஸோல்டரிங் விட்டுப்போயிருந்தது, அதைப் பற்றவைத்து, எம்சீல் வைத்து அடைத்துக் கொடுத்தேன். காணும் பொங்கலுக்கு மறுநாள் கரைக்குப் போ, கம்மலைத் தொலைத்துவிட்டு அழுகிறவர்கள் இருப்பார்கள், எடுத்துக் கொடு என்றேன். தெருவைத் தேடுகிற ஆசைக்கு வேறு வழி சொன்னேன். அவன் ஆயா இல்லை, ஆனால் ஆயாவோடு மீன் கூடை தூக்கிய கிழவிகள் இரண்டு மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு, கிணறு எந்த மூலையில், தேர் எதுவரைக்கும் வரும், எந்த வருஷப் புயலில் எந்த வரிசை போயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். அவன் கையிலிருக்கிற போனில் அதைப் பதிந்து வைக்கலாம். பதினாறு அங்குல வளையம் அந்தக் கருங்கல் மேல் நின்றுகொண்டு போல்ட்டையும் தகரத்தையும்தான் சொல்லும், தெருவைச் சொல்லாது. தெருவை அறிந்தவர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே போய்க் கேள் என்றேன். போகிறேன் என்றான். போனானா என்று அடுத்த தடவை வரும்போது கேட்பேன்.

டிடெக்டர் வைத்திருக்கிறவர்களுக்கும், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர்களுக்கும், ஏர் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. தெரிவித்தால் கண்டெடுத்தவரின் பங்கையும் அதே சட்டம் பேசுகிறது. அரசு அதை எடுத்துக்கொண்டாலும் விலை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். எழும்பூர் மியூசியத்தில் நாம் நின்று பார்க்கிற செப்புத் திருமேனிகளில் நிறைய இப்படிப் புதையலாக வந்தவை. யாரோ ஒருவர் கண்டதைக் கண்டபடி சொன்னதால் அவை இன்று அங்கே இருக்கின்றன. ஆகவே மண்ணில் ஏதாவது தட்டுப்பட்டால் கடப்பாரையைக் கீழே போடுங்கள். துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், பக்கத்து மண்ணைக் கலைக்காதீர்கள். விஏஓவிடமோ தாசில்தாரிடமோ அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.